உதவி கேட்பதை விட்டு சட்டம் கேட்போம்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பக்கம் அஸ்வெசும எனும் அரச நலன்புரிக் கொடுப்பனவுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க உட்காரும்போதெல்லாம் என்னிடம் வரும் கேள்விகளில் படிவத்தைப் பற்றியவை கொஞ்சம்தான். "இது ஏன் இப்படி இருக்கிறது, யாரிடம் சொன்னால் மாறும்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். வறுமையையும் சொத்து ஏற்றத்தாழ்வையும் குறைக்கும் சட்டங்களைப் பாராளுமன்றம் நிறைவேற்ற வேண்டும், அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் பதில். அதை ஒட்டி எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சரியாகச் சொன்னால், என்ன சட்டம் கேட்கிறீர்கள்?

மூன்று. முதலாவது, நலன்புரிக் கொடுப்பனவு சட்டப்படியான உரிமையாக வேண்டும்; விலைவாசி ஏறினால் தொகையும் தானாக ஏற வேண்டும். இரண்டாவது, பெரிய நிலத்துக்கும் பெரிய சொத்துக்கும் வரி வேண்டும். அந்த வருமானத்தைக் கொண்டு சோப்பிலும் காஸிலும் வாங்கும் வரியைக் குறைக்க வேண்டும். மூன்றாவது, வீட்டு வேலை செய்பவர்கள் சம்பளச் சட்டங்களுக்குள் வர வேண்டும்.

அரசாங்கம் ஏற்கெனவே உதவி கொடுக்கிறதே. அதற்கு எதற்குச் சட்டம்?

1989இல் ஜனசவிய வந்தது. 1995இல் சமுர்த்தி. 2013இல் திவிநெகும சட்டம். 2023 ஜூலையில் அஸ்வெசும. ஆட்சி மாறும்போது பெயர் மாறுகிறது, பட்டியல் மாறுகிறது, பட்டியலில் இருந்தவர் வெளியே நிற்கிறார். இதுதான் நாம் பார்த்துவந்த கதை.

அஸ்வெசுமவுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கத்தான் செய்கிறது: 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம். நிறைவேறி இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் அதன் கீழ் பணம் மக்கள் கைக்கு வந்தது. அதிலும் யாருக்கு எவ்வளவு என்பது அமைச்சரின் வர்த்தமானி அறிவித்தலில் இருக்கிறது. தொகையைக் கூட்டுவதும் விடுவதும் அந்தந்த நேரத்து அரசாங்கத்தின் விருப்பம்.

கணக்கைப் பாருங்கள். மிகவும் வறிய பிரிவில் இருக்கும் குடும்பத்துக்கு ஆரம்பத்தில் மாதம் 15,000 ரூபாய். 2025 ஜனவரியிலிருந்து 17,500. இது குடும்பம் முழுவதற்கும். குடிசன மதிப்பீட்டு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வறுமைக் கோடோ 2024 இறுதியில் ஒரு நபருக்கே 16,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஐந்து பேர் உள்ள வீட்டில் 17,500ஐ வைத்து என்ன செய்வது? மூன்று வேளையை இரண்டாக்குகிறார்கள். பிள்ளையின் வகுப்பை நிறுத்துகிறார்கள். கொடுப்பனவு விலைச் சுட்டெண்ணோடு கட்டப்பட்டிருந்தால் 2022 போல ஒரு வருடம் வந்தாலும் வீடு தாங்கும். அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். சம்பளம் எவருக்கும் 70 வீதம் ஏறவில்லை.

கொழும்பில் ஏழைகளா? வறுமை கிராமத்திலும் மலையகத்திலும்தானே?

மாவட்டக் கணக்கில் கொழும்பு பணக்கார மாவட்டம். அதனாலேயே இங்குள்ள வறுமை கண்ணில் படுவதில்லை. பணக்காரக் கறுவாத்தோட்டத்துச் சராசரி ஏழை வனாத்தமுல்லையை மூடிவிடுகிறது.

அஸ்வெசும தெரிவு 22 குறிகாட்டிகளைப் பார்க்கிறது: கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு. சுவர் என்ன, தரை என்ன, மின்சாரம் எவ்வளவு எரிகிறது என்றெல்லாம் கேட்கிறார்கள். கொழும்புத் தோட்டங்களில், அதாவது நெருக்கமான வரிசைக் குடியிருப்புகளில், சுவர் கல்லால்தான் இருக்கும். பல இடங்களில் ஒரே மீட்டரில் இரண்டு மூன்று குடும்பங்கள் இருக்கும். தொடர்மாடிக்குக் குடியேற்றப்பட்டவர்களுக்கு டைல் தரையும் இருக்கும், அதோடு மாதத் தவணையும் இருக்கும். புறக்கோட்டையில் நாட்டாமை (சுமை தூக்கும்) வேலை செய்பவரின் வருமானம் அன்றைக்கு லொறி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அது எந்தக் கட்டத்திலும் சரியாக விழாது. தெரிவு முறையை யார், எப்படி, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மீளாய்வு செய்ய வேண்டும் என்பதும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். கொழும்பு மாவட்டத்தின் வறுமைக் கோடே நாட்டில் மிக உயர்ந்தது. கொடுப்பனவுத் தொகை மட்டும் எல்லா மாவட்டத்துக்கும் ஒன்று.

எல்லோரும் ஒரே வரிதானே கட்டுகிறோம்? 18 வீதம் என்றால் எல்லோருக்கும் 18 வீதம்தானே?

வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 2019 இறுதியில் 15இலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. நெருக்கடி வந்ததும் 2022இல் 12, பிறகு 15, 2024 ஜனவரி 1 முதல் 18. அதே நாளில் காஸ், பெட்ரோல், டீசல் போன்றவற்றுக்கு இருந்த விலக்கும் போய்விட்டது.

ஒரு எளிய கணக்கு. மாதம் 50,000 ரூபாய் வருமானம் உள்ள வீடு வற் உள்ள பொருட்களுக்கு 23,600 ரூபாய் செலவழிக்கிறது என்று வையுங்கள். அதில் 3,600 ரூபாய் வரி, அதாவது வருமானத்தில் 7.2 வீதம். மாதம் 10 இலட்சம் வரும் வீடு அப்படிப்பட்ட பொருட்களுக்கு 118,000 செலவழிக்கிறது என்று வையுங்கள். வரி 18,000, வருமானத்தில் 1.8 வீதம். வீதம் ஒன்றுதான், பாரம் நாலு மடங்கு. மிச்சப் பணத்தில் அந்த இரண்டாவது வீடு காணி வாங்கும், காணியின் விலை ஏறும், அது விற்கப்படும்வரை அந்த ஏற்றத்துக்கு வரி கிடையாது. சொத்து ஏற்றத்தாழ்வு வளர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

2019ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவு ஆய்வின்படி மேல்தட்டு 20 வீதத்தினர் நாட்டின் மொத்த வீட்டு வருமானத்தில் பாதிக்கும் மேல் பெற்றார்கள். அடித்தட்டு 20 வீதத்தினருக்கு 5 வீதத்துக்கும் குறைவு. அது நெருக்கடிக்கு முந்திய நிலை.

சொத்துக்கு வரி போட்டால் பணம் வெளிநாட்டுக்கு ஓடிவிடாதா?

வங்கிக் கணக்கில் உள்ளது ஓடலாம். கொள்ளுப்பிட்டியில் உள்ள காணி எங்கே ஓடும்? நில வரி கேட்பதன் முதல் காரணமே அதுதான். கொழும்பு மாவட்டத்தின் காணி விலைப் போக்கை மத்திய வங்கி தொடர்ந்து கணித்து வெளியிடுகிறது, ஆகவே மதிப்பிட வழியில்லை என்றும் சொல்ல முடியாது. குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு விலக்குக் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். வெள்ளவத்தையில் ஆயுள் முழுக்கச் சேமித்து ஒரு பிளட் வாங்கியவரைக் குறிவைக்கும் வரி இல்லை இது.

"முதலீட்டுக்காக விட்டுக்கொடுக்க வேண்டும்" என்பவர்கள் இதுவரை விட்டுக்கொடுத்ததையும் சேர்த்துப் பேச வேண்டும். 2008ஆம் ஆண்டின் மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டங்கள் சட்டம் 25 ஆண்டுகள் வரை வரி விலக்குக்கு வழி செய்தது. 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் துறைமுக நகர ஆணைக்குழுச் சட்டம் 40 ஆண்டுகள் வரை. காலிமுகத்திடலில் நின்று பார்த்தால் தெரியும் அந்த நிலத்துக்கு நாற்பது வருட விலக்கைச் சட்டத்தில் எழுத முடிந்த ஒரு நாட்டில், மட்டக்குளியில் உள்ள தாயின் கொடுப்பனவை விலைவாசியோடு ஏற்ற ஒரு வாசகம் எழுதவும் முடியும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா? எப்போதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, நம் நாட்டிலேயே. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. வாக்கு ஏழையின் கைக்கு வந்த பிறகு சட்டசபை அவரைக் கவனிக்க வேண்டியதாயிற்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1953இல் அரிசிப் பங்கீட்டு விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது ஓகஸ்ட் 12 அன்று ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

சொத்து வரியும் புதிதில்லை. பொருளியலாளர் நிக்கலஸ் கல்டோர் 1958இல் கொடுத்த ஆலோசனையை ஒட்டி, செல்வ வரியும் நன்கொடை வரியும் செலவு வரியும் 1959இல் இங்கே சட்டமாயின. மரணச் சொத்து வரி அதற்கும் முந்தியது. இவை பிறகு ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. மூலதன இலாப வரி 2002இல் போய் 2018இல் திரும்பியது. போன வரிகள் திரும்பி வரும் என்பதற்கு அது சான்று.

கொழும்புக்காரர்கள் மறக்கக் கூடாத இன்னொன்று உண்டு. 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம். ஒரு குடும்பம் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று எல்லை போட்டது. மேலதிக வீடுகள் அரசிடம் போய், வாடகைக்கு இருந்தவர்களே உரிமையாளர்களாக வழி திறந்தது. இன்று கொழும்பு வடக்கில் "எங்கள் தோட்டம்" என்று உரிமையோடு சொல்லும் பல வீடுகளின் உறுதிக்குப் பின்னால் அந்தச் சட்டம் இருக்கிறது. வீட்டில் பழைய ஆவணம் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

எல்லாச் சட்டமும் நல்லபடி முடிந்ததென்று சொல்லமாட்டேன். 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது, நெற்காணிக்கு 25 ஏக்கர். அடுத்து 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. ஆனால் அந்த மண்ணில் தலைமுறையாக உழைத்த மலையக மக்களின் பெயருக்கு அந்தக் காணி எழுதப்படவில்லை. யாருக்குப் போய்ச் சேரும் என்பதைச் சட்டத்திலேயே எழுதாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

சர்வதேச நாணய நிதியம் இதற்கெல்லாம் விடுமா?

2023 மார்ச்சில் ஒப்புக்கொண்ட சுமார் 300 கோடி டொலர் திட்டத்தில் நாடளாவிய ஆதன வரியும், நன்கொடை மற்றும் பரம்பரைச் சொத்து வரியும் 2025இல் கொண்டுவரப்படும் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்தது. 2025 முடிந்தது, வரி வரவில்லை. வற் உயர்வு மட்டும் சொன்ன திகதிக்கு வந்தது.

2023 ஜூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பையும் நினைவில் வையுங்கள். அரசின் கடன் பத்திரங்களான திறைசேரி முறிகளில் பெரும் பங்கு வைத்திருந்த வங்கிகள் விலக்கப்பட்டன. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியம் உள்ளே இழுக்கப்பட்டது. மறுசீரமைப்பில் சேராத ஓய்வூதிய நிதியங்களுக்கு 14 வீத வரிக்குப் பதில் 30 வீதம் என்று சட்டம் போட்டு இழுத்தார்கள். யார் சுமக்க வேண்டும் என்ற தெரிவை வெளியிலிருந்து வந்தவர்கள் மட்டும் செய்யவில்லை. பாராளுமன்றம் வாக்களித்தது.

எங்கள் எம்.பி.யிடம் சொன்னால் அவர் சட்டமூலம் கொண்டுவருவாரா?

இங்கேதான் பலரும் காலத்தை வீணாக்குகிறார்கள். அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரைப்படி, வரி போடும், வரியை மாற்றும், அல்லது அரச பணத்தைச் செலவிடச் செய்யும் சட்டமூலத்தை அமைச்சர் ஒருவர்தான் கொண்டுவர முடியும்; அமைச்சரவையின் அங்கீகாரமும் வேண்டும். தனி உறுப்பினர் ஒருவர் செல்வ வரிச் சட்டமூலம் கொண்டுவர முடியாது. கொடுப்பனவைக் கூட்டும் சட்டமூலமும் அப்படித்தான்.

ஆகவே நிதியமைச்சுக்கும் அமைச்சரவைக்கும்தான் முதல் கடிதம் போக வேண்டும். வரவு செலவுத் திட்டம் வழமையாக நவம்பரில் வருகிறது. 2026க்கானது 2025 நவம்பர் 7 அன்று வந்தது. நவம்பரில் கத்திப் பயனில்லை. ஓகஸ்ட், செப்டெம்பரில் அவர்கள் கணக்குப் போடும்போது நம் கோரிக்கை மேசையில் இருக்க வேண்டும்.

எம்.பி.யால் வேறு பயன் உண்டு. கேள்வி கேட்கலாம், பதில் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் பதிவாகும். குழுநிலையில் திருத்தம் முன்வைக்கலாம். அரசாங்க நிதி பற்றிய குழுவில் விடயத்தை எழுப்பலாம். உங்கள் தனி முறைப்பாட்டைப் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு அவர் மூலம் அனுப்பலாம். "சட்டம் கொண்டுவாருங்கள்" என்று கேட்டால் தலையாட்டிவிட்டுப் போவார். "இந்தக் கேள்வியை இந்த அமைச்சரிடம் கேளுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் தட்டிக்கழிப்பது கடினம்.

மாகாண சபை?

மாகாணத்துக்குள் செல்லும் நியதிச்சட்டம் இயற்றும் அதிகாரம் உண்டு. காணி கைமாறும்போது கட்டும் முத்திரை வரியும் மாகாணத்துக்குரியது. ஆனால் மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014இல். 2019இலிருந்து உறுப்பினர்களே இல்லை. தேர்தலைக் கேட்பதும் இந்தக் கோரிக்கையின் ஒரு பகுதிதான்.

சட்டமூலம் வந்து, அது ஏழைகளுக்கு எதிராக இருந்தால்?

அது சட்டமூலமாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். நிறைவேறிச் சான்றுப்படுத்தப்பட்ட பிறகு இலங்கையில் எந்த நீதிமன்றமும் ஒரு சட்டத்தைச் செல்லாது என்று சொல்ல முடியாது. 80ஆம் உறுப்புரை அப்படி. அதற்கு முன் எந்தக் குடிமகனும் 121ஆம் உறுப்புரையின் கீழ் புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம். அவகாசம் மிகக் குறைவு. நீதிமன்றமும் மூன்று வாரத்துக்குள் தீர்மானத்தைச் சொல்லிவிடும்.

துறைமுக நகரச் சட்டமூலம் 2021 ஏப்ரல் 8 அன்று சமர்ப்பிக்கப்பட்டது. புத்தாண்டு விடுமுறை குறுக்கே. அப்படியிருந்தும் பலர் ஓடிப்போய் மனுத் தாக்கல் செய்தார்கள். சில வாசகங்கள் அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் சொன்னது, மே 20 அன்று திருத்தங்களோடுதான் நிறைவேறியது. முழு வெற்றி இல்லைதான். ஆனாலும் அந்தத் திருத்தங்கள் அந்த ஓட்டத்தால் வந்தவை. வர்த்தமானியை வாராவாரம் பார்க்க ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருவராவது வேண்டும். வாசிக்கத் தெரிந்த, உயர்தரம் (ஏ.எல்.) படிக்கும் பிள்ளை போதும், சட்டத்தரணி அடுத்த கட்டத்தில்தான்.

அரசியலமைப்பிலேயே சமத்துவம் இருக்கிறதாமே?

27ஆம் உறுப்புரையில் இருக்கிறது. போதிய வாழ்க்கைத் தரம், நாட்டின் பொருள் வளங்களை எல்லாப் பிரசைகளுக்கும் நியாயமாகப் பகிர்தல் என்று அழகாக எழுதியிருக்கிறார்கள். அடுத்த பக்கத்தில் 29ஆம் உறுப்புரை, இவற்றை வைத்து நீதிமன்றம் போக முடியாது என்கிறது. அந்த வாக்குறுதியை வழக்காடக்கூடிய உரிமையாக மாற்றத்தான் சாதாரணச் சட்டம் கேட்கிறோம்.

ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிறது. 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம், பொருளாதார நெருக்கடிக்குக் காரணமான முன்னாள் ஜனாதிபதிகள் உள்ளிட்டோர் மக்களின் சட்டப் பாதுகாப்பு உரிமையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்புச் சொன்னது. அது அடிப்படை உரிமை மனு. பொருளாதார முடிவும் கணக்குக் கேட்கப்படும் என்று அன்று பதிவாகிவிட்டது.

நான் வீட்டு வேலை செய்கிறேன். குறைந்தபட்சச் சம்பளம் 30,000 என்கிறார்களே, எனக்கும் உண்டா?

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் மாதம் 10,000 ரூபாயில் தொடங்கியது. 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. ஆனால் அந்தச் சட்டம் எழுதப்பட்டபோதே வீட்டு வேலையாளர்களை வெளியே விட்டார்கள். ஊழியர் சேமலாப நிதியமும் அவர்களுக்கு இல்லை. அவர்களைப் பற்றிப் பேசும் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது, 1871ஆம் ஆண்டின் வீட்டு வேலையாள் பதிவுக் கட்டளைச் சட்டம். அதன் கவலை அவர்களைப் பதிவு செய்து கண்காணிப்பது; சம்பளம் இல்லை.

பதுளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வந்து கொழும்பு வீடுகளில் சமைத்து, துடைத்து, பிள்ளை வளர்த்து முதுமை அடையும் அக்காமார் எத்தனை பேர்! கடைசியில் வெறுங்கையோடு ஊர் திரும்புகிறார்கள். எனக்கு இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றிலும் அதிகம் கோபம் தருவது இதுதான். ஒரு வரைவிலக்கணத்தில் ஒரு சொற்றொடரை எடுத்தால் போதும், பல்லாயிரம் பெண்களின் சம்பளம் சட்டத்துக்குள் வரும்.

தமிழருக்கு வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. இது நம் போராட்டமா?

1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலானோரின் பிரசாவுரிமையைப் பறித்தது; 1949இன் தேர்தல் திருத்தச் சட்டத்தோடு வாக்கும் போனது. வாக்கில்லாத மக்களுக்குப் பள்ளிக்கூடமும் வீடும் கடைசியாகத்தான் போயின. அவர்களின் வறுமையைச் சட்டம் வளர்த்தது. 2003இல் இன்னொரு சட்டம் வந்துதான் எஞ்சியவர்களுக்குப் பிரசாவுரிமை கொடுத்தது. இது நம் போராட்டம்தான். கிராண்ட்பாஸில் ஒரே தோட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கின்றன. மனுவில் மூன்று மொழியிலும் கையெழுத்து விழுந்தால் அமைச்சு அதை வேறு மாதிரிப் படிக்கும்.

இப்படிச் சேர்ந்து வேலை செய்தால் பொலிஸ் பிரச்சினை வருமா?

பேசவும் கூடவும் சங்கம் சேரவும் 14ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. கடிதம் எழுதவும் கையெழுத்து வாங்கவும் யாரிடமும் அனுமதி வேண்டாம். வீதியில் ஊர்வலம் போவதென்றால் பொலிஸுக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும்.

நான் வாடகை அறையில் இருக்கிறேன். வீட்டுக்காரர் என் பெயரைப் பதிய விடுவதில்லை. எனக்கு எங்கே இடம்?

கொழும்பில் இது சின்ன விடயமில்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லையென்றால் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் இழுபடும், அது இல்லாமல் நலன்புரி விண்ணப்பம் இழுபடும். முதலில் கிராம உத்தியோகத்தரிடம் நேரே போய், நீங்கள் அங்கே வசிப்பதை எழுத்தில் தெரிவியுங்கள். பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். வசிப்பவரின் பதிவு வீட்டுக்காரரின் சம்மதத்தில் தொங்கக் கூடாது என்பதை நாம் கேட்கும் சட்டத்திலும் சேர்க்க வேண்டும்.

சரி, இந்த வாரமே என்ன செய்யலாம்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தொடங்குங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் கிராம சேவகர் பிரிவில் எத்தனை பேர் அஸ்வெசுமவுக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் மறுக்கப்பட்டார்கள், எத்தனை மேன்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் முதலில் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், பிறகு ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

அந்த எண்கள் கையில் வந்த பிறகு நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்: நம் பிரிவின் நிலை இது, நாங்கள் கேட்கும் சட்டத் திருத்தம் இது, பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். பிரதி உங்கள் மாவட்ட எம்.பி.க்களுக்கு. பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

தமிழில் எழுதினால் பார்ப்பார்களா?

நாட்டின் எந்தப் பகுதியிலிருந்தும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால், அந்தக் கடிதத்தின் பிரதியை இணைத்து அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். முதல் கடிதத்துக்குப் பதில் வரும்வரை அடுத்த கடிதத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.